ஸ்டேச்சர் உள்ள ஒருவர் தேவை

ஐந்தடி ஒரு அங்குலத்தோடு வளர்ச்சியை நிறுத்திக்கொண்ட என் அப்பாவுக்கு,

நீங்கள் போய் இரண்டு வருடமாகிறது. சொல்ல நல்ல செய்தி இல்லை. தம்பியை இராணுவச் சோதனைச் சாவடியில் பிடித்து இன்றோடு பதினொரு நாள். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றிருந்ததாம். அம்மா பிரசவத்துக்கு ஊருக்குப் போனது எவ்வளவு பெரிய குற்றம், பார்த்தீர்களா?

நாளை அவனை நீதிமன்றத்துக்குக் கொண்டு வருகிறார்கள். புதுக்கடை நீதிமன்ற வளவில் நம் வழக்கறிஞர், "ஸ்டேச்சர் உள்ள ஆள் ஒருத்தரிட்ட நற்சான்றுக் கடிதம் வாங்கிக்கொண்டு வாங்கோ, தங்கச்சி. பிணை கேக்க உதவும்," என்றார்.

உங்கள் மேசை லாச்சியைத் திறந்தேன். நீங்கள் இல்லாத நேரம் வருகிறவர்கள் வெறுங்கையோடு திரும்பக்கூடாது என்று, ஊராருக்குச் சான்றளிக்கும் சமாதான நீதவானான நீங்கள் முத்திரை குத்திக் கையெழுத்தும் போட்டுவைத்த வெற்றுத் தாள்கள். ஏழு மிச்சம். கொட்டாஞ்சேனையில் உங்களிடம் நற்சான்று வாங்காதவர் யார்? நம் சைக்கிளைத் திருடியவனுக்கே ஒழுக்கமானவன் என்று எழுதிக் கொடுத்தீர்கள். சொந்த மகனுக்கு மட்டும் முடியாது. உறவினர் சான்று செல்லாது. இறந்தவர் சான்றும் செல்லாது. வேறொரு சமாதான நீதவானைத் தெரிந்துவைக்கும் அவசியம் நம் வீட்டுக்கு வந்ததேயில்லை.

வெள்ளவத்தையில் டொக்டர் அங்கிளிடம் போனேன். அவருடைய முதல் உத்தியோகத்துக்குச் சான்று எழுதியவர் நீங்கள்.

"பிள்ளை, குறை நினைக்காதேங்கோ. இப்ப இருக்கிற நிலைமையில என்ர பேர் குடுக்கேலாது. அப்பா இருந்தா விளங்கிக்கொள்ளுவார்."

விளங்கிக்கொண்டிருப்பீர்களா? ஆன்ரி தேத்தண்ணி தந்தா. குடித்துவிட்டு வந்தேன்.

வீட்டில் உங்கள் ஆங்கில அகராதியைப் புரட்டினேன். ஸ்டேச்சர்: முதற்பொருள், ஆள் நிமிர்ந்து நிற்கும்போதுள்ள உயரம். மூலம், நிற்பதைக் குறிக்கும் லத்தீன் வினை. தேவாலயப் பூசையில் லத்தீன் பாடிய உங்களுக்கு இது தெரிந்திருக்கும். ஊர் மதிப்பு என்ற பொருள் பல நூற்றாண்டு பிந்தி வந்து ஒட்டிக்கொண்டதாம். அங்கிள் கடைசிவரை கதிரையை விட்டு எழும்பவில்லை.

உங்கள் தாளொன்றைத் தட்டச்சில் ஏற்றினேன். பழைய திகதி போட்டு, உறவையும் மறைத்தால் யாருக்குத் தெரியும்? அம்மா பின்னால் வந்து நின்றா.

"பிடிபட்டா, உள்ளுக்கு இருக்கிறவன்ர கதி என்னடி?"

ஏழையும் கிழித்துவிட்டேன், அப்பா. மன்னியுங்கள்.

நாளை அவன் பெயரைக் கூப்பிடும்போது கடிதமில்லாமல் எழும்புவேன். இவனைப் பிறந்த நாளிலிருந்து எனக்குத் தெரியும் என்பேன். கதிரையில் இருக்கச் சொல்வார்கள். அவனை வெளியே விடும்வரை இருக்கமாட்டேன். சத்தியம்.

இப்படிக்கு,
அவனுடைய அக்கா,
உங்கள் மூத்த மகள்.