சுண்டுவிரலில் தொடங்கியது

14 ஜூன் 2023, புதன்

பவுல்ராஜ் சார் இன்று ஒரு பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தார். மூன்று இடத்தில் ‘கிரயம்’ என்பது ‘கிரம்’ என்று விழுந்திருக்கிறது. வில்லியனூரில் அவரிடம் பத்திரம் அடிக்கச் சேர்ந்து பத்தொன்பது வருடம். இப்படி ஒரு தவறு வந்ததில்லை. ‘ய’ இடது சுண்டுவிரலுக்கு உரியது. அழுத்தினேன் என்றுதான் நினைத்தேன்.

தட்டச்சு மெஷினில் பழகிய காலத்தில் இதே விரலால் ஓங்கிக் குத்தினால்தான் எழுத்து தாளில் ஏறும். குத்தினேன். கம்ப்யூட்டர் கீபோர்டுக்கு லேசாகத் தொட்டாலே போதும். அதுகூடவா முடியவில்லை?

2 ஜூலை

கஞ்சி வடிக்கும்போது பானை நழுவியது. கை ஈரம் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஈரமில்லை.

19 செப்டம்பர்

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். மோட்டார் நியூரான் நோயாம். கை, கால், நாக்கு என்று ஒவ்வொன்றாக அடங்கும், புத்தி மட்டும் தெளிவாக இருக்கும், கடைசியில் மூச்சு. மருந்து கொஞ்சம் தள்ளிப்போடும், அவ்வளவுதான். எனக்கு நாற்பத்து மூன்று வயது.

எங்கள் ஊர் பண்டசோழநல்லூரில் இறங்கும்வரை ஆஸ்பத்திரிச் சீட்டுகளை வீட்டுக்காரர் கையிலேயே பிடித்திருந்தார். நான் மடியில் பத்து விரல்களையும் மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

8 பிப்ரவரி 2024

வேலையை விட்டாயிற்று. போனில் கட்டைவிரலால் எழுதுகிறேன். தொடுதிரைக்குப் பலமே வேண்டாம். மெஷின், கீபோர்டு, போன் — எழுதும் கருவி ஒவ்வொன்றும் முந்தியதைவிட லேசாகிக்கொண்டு வருகிறது. நானும் அதோடு இறங்கிக்கொண்டு வருகிறேன். இதற்கு அடுத்தது என்ன? அப்படி ஒன்று இல்லாவிட்டால்?

21 ஜூலை

வாயால் சொன்னால் போன் எழுதுமாம். ‘தண்ணி வேணும்’ என்றேன். ‘தனி வேணு’ என்று எழுதியது. மறுபடி சொன்னேன். இன்னும் மோசம். பயமா இருக்கு. ரொம்ப பயமா இருக்கு. இதை அடிக்க ஒரு மணி நேரம்.

8 டிசம்பர், ஞாயிறு

கட்டைவிரலும் போயிற்று. எனக்காக ரோஸி மேரி எழுதுகிறாள். பத்திர ஆபீசில் எனக்குப் பக்கத்து நாற்காலிக்காரி. சர்ச்சில் பூசை முடிந்ததும் வருகிறாள். அட்டையில் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் காட்டுவாள். நான் இமை மூடும் எழுத்தைக் குறித்துக்கொள்வாள். இவர் அட்டையைத் தொடுவதில்லை. தனக்கு வராது என்கிறார். களைப்பு. போதும்.

27 ஏப்ரல் 2025

கண்ணால் எழுதுகிறேன். ரோஸி ஒரு தொண்டு அமைப்பில் பேசி இந்தக் கருவியை இரவல் வாங்கி வந்தாள். திரைக்குக் கீழே கேமரா. ஒரு எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் அது விழுகிறது. எழுதியதை ஒரு பெண்குரல் படிக்கிறது — யாரோ வெளியூர்க்காரி மாதிரி.

மூன்று மாதமாக உள்ளே கிடப்பதை முதலில் எழுதிவிடுகிறேன். ஜனவரியில் மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தேன். மூச்சு நிற்கும் நிலை வந்தால் தொண்டையில் துளை போட்டு மூச்சு மெஷின் வைப்பதா, விட்டுவிடுவதா என்று டாக்டர் இவரைக் கேட்டார். என் கட்டிலை ஒட்டி நின்றுகொண்டு.

“வேணாம் சார். அவ படுறது போதும். வுட்டுடலாம்.”

எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

அன்றிலிருந்து மூச்சு கொஞ்சம் இழுத்தாலே இதுதானோ என்று இருக்கிறது. ரோஸியின் அட்டையில் சொல்லியிருக்கலாம். ஆனால் புருஷன் பெண்டாட்டி பேச்சை இன்னொருத்தி கையால் எப்படி எழுதுவது? இப்போது நானே சொல்லலாம். சொல்லியும் இவர் வேண்டாம் என்றால்?

30 ஏப்ரல்

சொல்லிவிட்டேன். ‘நான் இருக்கணும். மெஷின் வைங்க.’ மூன்று முறை தப்பாக விழுந்து அழித்தேன். குரல் படித்தபோது இவர் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். கையைக்கூடக் கழுவாமல் வந்து நின்றார்.

“எங்கம்மா அந்த மிஷின்ல கெடந்தத பாத்தவன் நானு, குமாரி. உனக்கும் அது வேணாம்னுதான்…”

‘என்னைக் கேட்கலை’ என்று எழுதினேன்.

தவிட்டுக் கையை வேட்டியில் துடைத்தார்.

“கேட்டா நீ இன்னா சொல்லுவியோன்னு பயம்.”

அட்டையை இவர் தொடாதது இதனால்தான். இந்த வீட்டில் நான் ஒருத்திதான் பயந்து கிடக்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

16 ஜூன்

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து நான்கு நாள். தொண்டையில் குழாய். மெஷின் மூச்சு விடுகிறது. கரண்ட் போனால் இன்வெர்ட்டர் எவ்வளவு நேரம் தாங்கும்? விசிறி சுற்றுவது மெதுவானாலே கண் மெஷின் விளக்கைத் தேடுகிறது.

காலையில் இவர் கழனிக்குக் கிளம்பியவர் திரும்பி வந்து, மேட்டுக் கொல்லையில் இந்தப் போகம் வைப்பது நெல்லா, கரும்பா என்று கேட்டார். எழுத ஆரம்பித்தேன். பாதியில் கண்ணில் நீர் கோத்து எழுத்து எங்கோ போய்விட்டது. முதலிலிருந்து எழுதினேன். பத்து நிமிடத்துக்கு மேல் ஆனது. இவர் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, குரல் படிக்கும்வரை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.