இரண்டு முருகேசன்கள்

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பட்டறையில் அவனும் முருகேசன், நானும் முருகேசன். இனிஷியல்தான் வேறு. வாய்ப் புற்றுக்கு இருவருக்கும் ஒரே வாரத்தில் ஆபரேஷன். அவனுக்குப் புகையிலையைப் பழக்கிவிட்டதே நான்தான்.

வெட்டியெடுத்த கட்டியின் மரபணுவைச் சோதித்த ரிசல்ட் இன்று வந்தது. நோய் திரும்புமா என்று அதில் ஓரளவு தெரியுமாம். எப்போதும்போல இருவரும் சேர்ந்தே உள்ளே போனோம். அவனுக்குத் திரும்ப வர வாய்ப்பு குறைவு என்றார் டாக்டரம்மா. எனக்கு அதிகம், மாதாமாதம் வரவேண்டும்.

"பேர் மாறியிருக்குமாம்மா? இன்னொரு தடவை பாருங்களேன்" என்று கேட்டுவிட்டேன். அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே.

அவர் கோபப்படவில்லை. இரண்டு ஃபைலையும் பிரித்து, இனிஷியலையும் வயதையும் விரல் வைத்துப் பார்த்தார்.

"இல்லீங்க, சரியாத்தான் இருக்கு."

பக்கத்தில் அவன் மெல்ல மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

மன்னார்புரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது, "போயிட்டு வரேண்ணே. மாசாமாசம் நானும் கூட வர்றேன்" என்றான். நல்லவன்தான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

படுத்தால் அந்த மூச்சுதான் கேட்கிறது. அது நான் விட்டிருக்க வேண்டிய மூச்சு.