சோபாவுக்கு ஒரு சாட்சி

அன்பு மகள் சுபஸ்ரீக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் நைனாவும் நடமாடுகிற அளவுக்கு நலம். முகத்துவாரம் இந்த வருஷம் மணல் மூடாமல் திறந்திருக்கிறது, ஏரியில் இறால் வரத்தும் பரவாயில்லை. எங்கள் எல்லோரையும்விட நலமாக இருப்பது உன் சோபாதான். அதைக் கோயில் மண்டபத்தில் தார்ப்பாய் போர்த்தி வைத்திருக்கிறார்கள், ஒரு சொட்டு மழை படவில்லை, யாரும் அதில் உட்காரவும் இல்லை, யாரும் உட்காராத இருக்கை என்று நீ எழுதியிருந்த குறிப்புக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எந்தக் கண்காட்சியிலும் கிடைக்காது. புனேயில் குளிர் அதிகம் என்று கேள்வி, நீ நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீ கான்செப்ட் என்பாய், அதற்கு நான் பதில் சொல்வதற்குள் சிக்னல் போய்விடும். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. உன் வகுப்பில் யாராவது இதையும் புதிதாகக் கண்டுபிடித்துப் பரிசு வாங்கலாம்.

சோபாவைப் பிரித்து நீ அனுப்பிய பெட்டிகளைப் பொன்னேரி கூரியர் ஆபீசிலிருந்து நைனாதான் ஷேர் ஆட்டோவில் கொண்டுவந்தார். பூட்டி முடித்த பிறகும் கொஞ்சம் திருகாணி மீந்தது, அதுவும் டிசைன்தானா என்று கேட்டார். உன் குறிப்பை நான் அவருக்குப் படித்துக் காட்டினேன். தண்ணீரில் மிதக்கும் ஒற்றையாள் சோபா, பெயர் ஏரியின் வரவேற்பறை, பயன் என்று ஒன்றுமில்லை, பயனில்லாமல் இருப்பதே அதன் பயன், பார்ப்பவர் முதலில் சிரிக்க வேண்டும் பிறகு யோசிக்க வேண்டும். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, சிரிச்சா போதாதாமா, யோசிக்க வேற செய்யணுமா, பாவம் அந்த வாத்தியாருங்கோ என்றார். உன் வகுப்புத் தோழர்கள் செய்த பொருள்களின் படத்தையும் காட்டினேன். கைப்பிடி உள்ளே இருக்கிற கோப்பை, உப்புப் போடும்போது தும்முகிற குப்பி, வெயிலில் விரிந்து மழை வந்தால் சுருங்கிக்கொள்கிற குடை, இரண்டு பேர் ஒரே நேரத்தில் உட்கார்ந்தால் மட்டும் சாயாமல் நிற்கிற பெஞ்ச். பெஞ்சை மட்டும் நெடுநேரம் பார்த்தார். இத நம்ம ஊருக்கு வாங்கிப் போடணும்மே, சண்ட போட்டவனுங்க ரெண்டு பேரும் ஒண்ணா குந்தணும், இல்லன்னா ரெண்டு பேரும் ஒண்ணா விழணும் என்றார். உன் ஆசிரியர்கள் அந்தப் பெஞ்சைப் பற்றி எழுதியதையும் படித்தேன், அவர்கள் இதைத்தான் சொல்ல வந்திருக்க வேண்டும், இரண்டு பக்கம் ஆகிவிட்டது. போன வருஷம் சென்னையில் நீ கூட்டிப்போன கேலரியில் கிழிந்த வலையைக் கூரையிலிருந்து தொங்கவிட்டு மௌனம் என்று பெயர் எழுதியிருந்தார்களே, அப்படிப் பார்த்தால் நம் தெருவில் வீட்டுக்கு வீடு மௌனம்தான், அதைத் தைத்து முடிப்பதற்குள் ஆண்கள் பேசுகிற பேச்சைத்தான் காது கொடுத்துக் கேட்க முடியாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் படிப்புக்குச் சோபாவை ஏரியில் மிதக்கவிட்டு எடுக்கிற போட்டோ எப்படி வேண்டும் என்று நீ எழுதியிருந்தாய். கரை தெரியக் கூடாது, படகு தெரியக் கூடாது, மனிதர் தெரியக் கூடாது, அடிவானம் காலியாக இருக்க வேண்டும், சோபா ஆடாமல் கிழக்கே பார்த்து நிற்க வேண்டும், ஊரில் யாரிடமும் முன்கூட்டிச் சொல்லக் கூடாது. கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்ன எந்த வேலையையும் உன் நைனா இவ்வளவு ஒழுங்காகச் செய்ததில்லை. விடியப்போகிற நேரத்தில் சோபாவைப் படகின் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போனோம். முகத்துவாரத்துக்கு உள்பக்கம்தான் நீ கேட்ட அடிவானம் கிடைத்தது. கல்லைக் கட்டி இறக்கினால் உன் சோபா நீரோட்டத்தில் சுற்றிச் சுற்றி ஊர்ப்பக்கமே திரும்புகிறது, அதற்காவது வீட்டு நினைப்பு இருக்கிறது. கடைசியில் நைனா நான்கு கழிகளை நட்டு, நான்கு மூலையிலும் கட்டினார். கழியைத் தளர்வாக நட அவருக்குத் தெரியாது. காற்றடித்தாலும் சாயாதபடி நட்டார்.

பாடு முறையை நீ பிறந்ததிலிருந்து பார்த்தவள்தான், புனே தண்ணீரில் மறந்திருக்கலாம் என்பதால் எழுதுகிறேன். ஏரியில் வலை கட்டும் இடங்களுக்கு வருஷம் ஒரு தரம் குடத்தில் சீட்டுப் போட்டு எடுத்து, இன்றைக்கு இவர் நாளைக்கு அவர் என்று முறை. முறைக்காரர் கழி நட்டால் அன்றைக்கு அந்த இடம் அவருடையது. ஒருவர் நட்ட கழியை மற்றவர் தொடக் கூடாது, அங்கேயே நின்று ஏன் என்று கேட்கவும் கூடாது. தப்பாக நட்டிருந்தாலும் பேசாமல் திரும்பி வந்து கூட்டத்தில்தான் சொல்ல வேண்டும். தண்ணீர் மேல் சண்டை போட்டால் கரைக்குத் திரும்புகிற தலைகள் குறையும் என்று செய்துவைத்த ஏற்பாடு. அன்றைக்கு முறை சரவணன் சித்தப்பாவுடையது. நைனாவுக்கு அது தெரியும். வலை கட்டவில்லையே, அவர் வருவதற்குள் போட்டோ எடுத்துக் கழியைப் பிடுங்கிவிடலாம் என்று நினைத்தார். நீரோட்டம் பார்த்துச் சித்தப்பா சீக்கிரமே வந்துவிட்டார். வலையும் ஆட்களுமாக வந்தவர், நான்கு கழிகளைப் பார்த்தார், நடுவில் சோபாவைப் பார்த்தார், கையில் போனோடு நின்ற என்னைப் பார்த்தார். படகைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். நைனா கூப்பிடக் கூப்பிடத் திரும்பவில்லை. அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அன்றைக்கென்று பார்த்து மற்ற இடங்களில் எல்லாம் இறால் அள்ளிக்கொண்டு வந்தது. மறுநாள் குழாயடியில் அவர் அம்மா குப்பம்மா என் குடத்தைப் பார்த்துக்கொண்டே, இன்னா மே அம்பிகா, ஏரில சோபா போட்டுட்டியாமே, டிவி எப்போ வருது என்று கேட்டாள். வீட்டுக்கு வந்து குடத்தை இறக்கிவைத்த பிறகுதான் எனக்கு நல்ல நல்ல பதில்களாக வந்தன.

அந்த வாரமே கூட்டம் போட்டார்கள். சோபாவைக் கொண்டுவரச் சொல்லிக் கோயில் மண்டபத்தின் நடுவில் வைத்து, நோயாளியைச் சுற்றி டாக்டர்கள் நடப்பதுபோல் நடந்தார்கள். பெண்கள் உள்ளே வரக் கூடாதே, நான் தூணுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். முதல் கேள்வி இது வலையா இல்லையா என்பது. மேல போத்தியிருக்கிறது வலைதாம்பா, அதுவும் குஞ்சு மீனக்கூட வுடாத பொடிக் கண்ணி, அதுக்கே தனியா தண்டம் போடணும் என்றார் ஒருவர். அடியில தெர்மாகோலு, இதுல மீனு எப்டி மாட்டும் என்றார் இன்னொருவர். மீனு மாட்டலன்னா இன்னாண்ணே, நான் மாட்டிகினேன் இல்ல என்றார் சரவணன் சித்தப்பா. கலை என்றால் என்ன என்று நீ அனுப்பிய புத்தகங்களில் பெரிய மனிதர்கள் பலர் கேட்டிருக்கிறார்கள். வலை என்றால் என்ன என்று நம் ஆட்கள் அன்று பட்ட பாட்டில் பாதிகூட அவர்கள் பட்டதாகத் தெரியவில்லை.

பிறகுதான் வினை வந்தது. தெரியாமல் நட்டால் அடுத்த முறையை விட்டுக்கொடுத்தால் போதும். தந்திரமாக இடம் பிடிக்க நட்டதென்றால் ஒரு வருஷம் குடத்தில் பெயர் விழாது. சித்தப்பா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். யாருக்கும் சொல்லாம இருட்டோட போயி நாலு கழிய இரும்பு மாதிரி நட்டிருக்காரு, இன்னிக்கு சோபா, நாளிக்கி அதும்மேல குந்திகினு வலயும் போடுவாரு, இது எடம் புடிக்கிற வேலதாண்ணே. ஊர்த்தலைவர் தமிழ்வாணன் உன் நைனாவைப் பார்த்து, கங்காதரா, நீயே சொல்லு, இது எதுக்குடா என்று கேட்டார். மகள் படிப்புக்கு என்று இரண்டு வார்த்தை சொன்னால் தீர்ந்திருக்கும். கூட்டத்தில் பெண்ணின் பெயர் அடிபடக் கூடாது என்று உன் நைனா, நம்ம ஆசைக்குச் செஞ்சேண்ணே என்றார். ஏரி நடுவில் சோபா போட்டு உட்காரும் ஆசை ஒரு மனிதனுக்கு வரும் என்று எந்த ஊர் நம்பும். அப்போது யாரோ சோபாவைக் கவிழ்த்தார்கள். அடியில் உன் ஸ்டிக்கர். உன் பெயர், கல்லூரி பெயர், கீழே சிரிப்பதற்கு மட்டும் என்று ஆங்கிலத்தில். ஒரு பையன் படித்துச் சொன்னான். தலைவர் தாடையைத் தடவிக்கொண்டு, சரி, சிரிக்கறதுக்காம், இருக்கட்டும், யாரு சிரிச்சாங்க, ஒரே ஒரு ஆள காட்டு, நான் நம்பறேன் என்றார். மண்டபமே உன் சோபாவைப் பார்த்தது. ஒரு முகத்திலும் ஒன்றுமில்லை. முறை போனவர் எதிரில் நிற்கும்போது யாருக்குச் சிரிப்பு வரும். உன் தேர்வாளர்கள் எவ்வளவு கடுமையானவர்கள் என்று நீ அழுவாயே, ஒருநாள் இங்கே வந்து பார்.

முடிவைத் தள்ளி வைத்திருக்கிறார்கள். பொங்கல் கழிந்த ஞாயிறு காலை குடத்தில் சீட்டுப் போடுவதற்கு முன்னால் நீ வீடியோ காலில் வந்து சொல்ல வேண்டும். சிரித்த ஆள் ஒருவரும் வேண்டும். இரண்டும் இல்லையென்றால் இந்த வருஷம் உன் நைனாவின் சீட்டு விழாது, அவர் வருஷம் முழுக்க அடுத்தவர் படகில் கூலிக்குப் போக வேண்டும். கூலிக்குப் போவது அவருக்குப் பெரிதில்லை. இடம் பிடிக்கிறவன் என்று சொன்னார்களே, அதைத்தான் முழுங்க முடியாமல் இருக்கிறார். சாயங்காலம் வலை தைக்கிற இடத்துக்குப் போவதில்லை. மண்டபத்தைத் தாண்டும்போது எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு நடக்கிறார். அவகிட்ட சொல்லாத, பரீச்ச நேரம், கொயந்த மனசு பேஜாராயிடும் என்று என்னிடம் இரண்டு தரம் சொல்லிவிட்டார். குழந்தை நான்கு கழியில் ஒரு ஊரையே நிறுத்தியிருக்கிறது, அதன் மனசு தாங்கும் என்று எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பேசுவதற்குச் சில விஷயங்கள். கான்செப்ட், இன்டராக்‌ஷன் இந்த வார்த்தைகளைப் புனேயிலேயே விட்டுவிட்டு வா. இடத்துக்கேற்ற படைப்பு என்று மட்டும் சொல்லிவிடாதே, அந்த இடம்தான் வழக்கே. எடுத்தவுடன் சித்தப்பாவைப் பெயர் சொல்லாமல் உறவுமுறை வைத்துக் கூப்பிட்டு மன்னிப்புக் கேள், சாரி என்று ஆங்கிலத்தில் கேட்காதே, அது காலில் மிதித்தவர்கள் சொல்லிவிட்டு நடந்துபோகிற வார்த்தை. எங்கள் அடுத்த முறையை எடுத்துக்கோங்க என்று அவர்கள் கேட்பதற்கு முன்னால் நீயே சொல். யாரிடமும் சொல்லாதே என்று சொன்னது நீதான், நைனா இல்லை என்பதையும் சொல். காலியான அடிவானம் என்று எழுதினாயே, அங்கே தண்ணீர் மட்டும்தான் காலியாகத் தெரியும், ஒவ்வொரு முழத்திலும் ஒருவருடைய நாள் இருக்கிறது. உன்மேல் எனக்கு வருத்தம் என்றால் இது ஒன்றுதான், விளையாட்டுச் செய்ததற்கு இல்லை. இன்னொன்று, ஒரு பக்கம் மட்டும் சிரைத்திருக்கிற தலையைத் துப்பட்டாவால் மூடிக்கொள். கூட்டத்துக்கு ஒரே நாளில் இரண்டு கலைப்பொருள் தாங்காது.

சிரித்த ஆள் யார் என்று தலைவர் கேட்பார். அதற்குத்தான் முக்கியமாக இந்தக் கடிதம். அன்றைக்கு நைனா கடைசிக் கழியை நட்டுக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பியிருந்தார். வெளிச்சம் பரவிக்கொண்டிருந்தது. ஒரு நீர்க்காகம் வந்து உன் சோபாவில் இறங்கியது. சுற்றும்முற்றும் பார்த்தது, இறக்கைகளைக் கைப்பிடிகள் மேல் விரித்துப் போட்டது, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அப்பா மாதிரி சாய்ந்து உட்கார்ந்து காபிக்காகக் காத்திருந்தது. நான் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். எத்தனை நாளாயிற்று அப்படிச் சிரித்து என்று தெரியவில்லை. சிரித்து முடித்த பிறகு, உன் குறிப்பில் இருந்ததுபோலவே, யோசிக்கவும் செய்தேன். இந்த ஏரியில் எல்லோரும் நிற்பதையும் குனிவதையும் இழுப்பதையும்தான் பார்த்திருக்கிறேன், சும்மா சாய்ந்து உட்காருவதற்கென்று ஒரு பொருளை இதுவரை யாரும் இதில் கொண்டுவந்து வைத்ததில்லை. இதை உன் ஆசிரியர்களிடம் சொல்லிவிடாதே, மதிப்பெண் போட்டுவிடுவார்கள்.

தலைவர் கேட்ட அன்றே இதைச் சொல்லியிருக்கலாம். எதிரே சித்தப்பா நின்ற நிலையைப் பார்த்து, தூணுக்குப் பின்னால் இன்னும் ஓரடி தள்ளி நின்றுகொண்டேன். நான்கு பேர் முன்னால் என் பெயரையே சத்தமாகச் சொல்லாதவள் நான் என்பது உனக்குத் தெரியும். நீ மன்னிப்புக் கேட்டுவிட்டால் எனக்கு வழி திறக்கும். யாரு சிரிச்சது என்று கேட்டவுடன், எங்க அம்மா சிரிச்சாங்க, தூணுக்குப் பின்னால நிக்கிறாங்க, கூப்பிட்டுக் கேளுங்க என்று சொல். பெண்பிள்ளை உள்ளே வரக் கூடாது என்று முணுமுணுப்பார்கள், நான் வந்துவிடுவேன். நீர்க்காகம் எப்படி உட்கார்ந்தது என்று கேட்டால் உட்கார்ந்தே காட்டுவேன், அதற்கு உன் சோபா அங்கேயே இருக்கிறது.

எல்லா அம்மனும் உன்னோடு இருக்கட்டும், நல்ல புத்தியோடும் இந்த விளையாட்டுப் புத்தியோடும் நெடுநாள் இரு. ஞாயிறு காலை போனைச் சார்ஜில் போட்டு வை, உங்கள் ஹாஸ்டலில் சிக்னல் எங்கே எடுக்கும் என்று முந்தின நாளே பார்த்து வை.

இப்படிக்கு,
சிரித்த உன் அம்மா,
அம்பிகா