கடைசித் தெருவுக்கு முதல் தண்ணீர்

கடைமடைக்காரியே,

இன்று நண்பகலைத் தாண்டி எங்கள் வீட்டுக் குழாய் சீறியது. முதலில் காற்று, பிறகு கலங்கலாக ஒரு மடக்கு, அதற்குப் பிறகுதான் தண்ணீர். முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்துவிட்டு எழுந்தேன். பக்கத்து வீட்டுப் புது மருமகள் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "ஏன் பாட்டி, தண்ணித் தொட்டி நம்ம தெரு முனையிலதான நிக்கிது? நமக்கு மட்டும் ஏன் எல்லாருக்கும் கடைசியில விடுறாக?" என்று கேட்டாள்.

என்னைப் பாட்டி என்று அழைத்ததை நான் ரசிக்கவில்லை. கேள்விக்கும் பதில் சொல்லவில்லை. குடம் நிறைந்ததும் குழாயை இறுக மூடிவிட்டு உள்ளே வந்து உனக்கு இதை எழுத உட்கார்ந்தேன். நீ போய் இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. பதில் சொல்ல வேண்டியவள் நீ.

நாம் படித்த கான்வென்ட் ஹாஸ்டலில் குளிப்பதற்கு ஒரே குழாய். மாதா சிலை நிற்கும் கற்குகைக் கெபிக்குப் பின்னால், பாசி படிந்த சிமென்ட் மேடையில் இருந்தது. விடிந்ததும் அதன் முன்னால் வாளிகள் வரிசை கட்டிவிடும். மாணவியர் தலைவி முதலில், பெரிய வகுப்புப் பெண்கள் அடுத்து, சின்னப் பிள்ளைகள் கடைசியில். இது யாரும் எழுதி வைக்காத சட்டம். பிள்ளைகளின் முறை வருவதற்குள் தண்ணீர் நூலாகிவிடும். முகத்தை மட்டும் நனைத்துக்கொண்டு ஓடுவார்கள். தாமதமாக வந்ததற்காக வகுப்புக்கு வெளியே முட்டி போடுவார்கள். அதை யாரும் அநியாயமாக நினைக்கவில்லை. எல்லோருமே ஒரு காலத்தில் அப்படி முட்டி போட்டு வளர்ந்தவர்கள்தான்.

பள்ளியிறுதி ஆண்டில் தலைவி தேர்தலுக்கு நீயும் நானும் நின்றோம். போட்டியிடுகிறவர்கள் கரும்பலகையைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் கைகள் உயரும். எனக்குச் சந்தேகமே இல்லை. என் ஆங்கிலம் சுத்தமாக இருந்தது, என் சீருடையின் மடிப்பு மாலைவரை கலையாது. உன் பெயரை அழைத்தபோது பெஞ்சுகள் கிரீச்சிட்டன. சின்னப் பிள்ளைகள் பெஞ்சுமேல் ஏறி நின்று கை தூக்கினார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சிஸ்டர் உனக்கு நீல ரிப்பனைக் குத்தினார்கள். எனக்கு உதவித் தலைவியின் வெள்ளை ரிப்பன். அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை நீ உன் வாளியைத் தூக்கிக்கொண்டு போய் வரிசையின் கடைசியில் வைத்தாய்.

"சின்னப் புள்ளைகளுக்கு முதல்ல. பெரியவுக பின்னாடி. தலைவி எல்லாருக்கும் கடைசி."

"உனக்கு வேணும்னா நீ நில்லு. நான் எதுக்குடி நிக்கணும்?" என்றேன்.

"நீ உதவித் தலைவியில்ல? எனக்கு முன்னாடி நில்லு."

"இது எந்த ஊர் முறை?"

"எங்க ஜெயமங்கலத்துல எங்க வயலு கடைமடைடி. தண்ணி எங்களுக்கு வாரதுக்குள்ள தலைமடைக்காரவுக நட்டு, களையும் எடுத்து முடிச்சிருவாக. உங்க அப்பா வயலு கம்பத்துல முதல் மடை. உனக்கு எங்கன தெரியப்போகுது, தலைமடை?"

அன்றிலிருந்து நான் தலைமடை, நீ கடைமடை. மற்றவர்கள் முன்னால் மட்டும்தான் வீட்டில் வைத்த பெயர்கள்.

அந்த ஆண்டு முழுவதும் நான் முன்னால், நீ பின்னால். உன் வாளியின் விளிம்பு என் கணுக்காலில் இடிக்கும். "நகருடி தலைமடை" என்பாய். சில நாட்களில் என் வாளி பாதி நிறையும்போதே குழாய் நின்றுவிடும். அந்தப் பாதியில் இருவரும் குளித்தோம். "மகாராணிக்கு இன்னைக்குப் பன்னீர் அபிஷேகம்" என்று சொல்லி ஒரு சொம்பை என் தலையில் கவிழ்ப்பாய். நான் உன்னைத் திட்டிக்கொண்டே சிரிப்பேன். சின்னப் பிள்ளைகள் அந்த ஆண்டு முட்டி போடவில்லை. அதை நீ ஒருமுறைகூடச் சொல்லிக் காட்டியதில்லை.

எனக்குக் கல்யாணமானது, ஏலக்காய் வியாபாரியின் மனைவியாக இந்த ஊருக்கு வந்தேன். நீ சர்வீஸ் கமிஷன் பரீட்சை எழுதினாய். நேர்முகத் தேர்வில் நிர்வாக அனுபவம் உண்டா என்று கேட்டார்களாம். "ஒரே குழாய், ஒரு ஹாஸ்டல்" என்று தொடங்கி முழுக் கதையையும் சொல்லியிருக்கிறாய். தண்ணீர் தலைவிவரை வராவிட்டால் என்ன செய்வாய் என்று ஒருவர் கேட்க, "அன்னைக்குக் குளிக்க மாட்டேன் சார்" என்றாயாம். எல்லோரும் சிரித்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். சென்ற வாரம் நம் பள்ளியில் புதுத் தலைவிகளுக்கு ரிப்பன் குத்தும் விழாவில் உனக்காக மௌனம் காத்தார்கள். சிறப்பு விருந்தினர் உன்னுடைய தலைமைப் பண்பு பற்றி நீளமாகப் பேசினார். குழாயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்தக் குழாய் இப்போது அங்கே இல்லை. அவரைக் குறை சொல்வதற்கில்லை.

நீ எங்கள் பேரூராட்சிக்கே செயல் அலுவலராக, ஊர் வாயில் ஈ.ஓ.வாக, வந்த கோடையில் முல்லையாற்றில் மணல்தான் தெரிந்தது. தொட்டிக்குப் பக்கத்துத் தெருக்கள் விடிந்ததும் நிரப்பிக்கொள்ளும். சில வீடுகளில் மோட்டார் வைத்தே உறிஞ்சினார்கள். ஊர்க் கோடியில் இருந்த கடைசித் தெருவுக்குக் காற்று மட்டும் போனது. நீ மோட்டார்களைக் கழற்ற வைத்தாய். பிறகு மற்ற வால்வுகளை மூடிவிட்டு, கடைசித் தெருவுக்கு முதலில் திறக்கச் சொன்னாய். தொட்டியடித் தெருவுக்கு, அதாவது எங்களுக்கு, எல்லோருக்கும் பின்னால்.

ஊர்ப் பெரியவர்கள் கொதித்தார்கள். உன்னை மாற்றிவிடுவதாகப் பேச்சு வந்தது. அது உனக்கு வெறும் மாறுதல் அல்ல என்று எனக்குத் தெரியும். ஜெயமங்கலத்தில் உன் அம்மா படுக்கையில் இருந்தார்கள். அந்த மண்ணைவிட்டு எங்கும் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார்கள். நீ தினமும் வேலை முடிந்து பஸ் பிடித்துப் போய்க் கஞ்சி கரைத்துக் கொடுப்பவள்.

பேரூராட்சித் தலைவர் என் கணவரிடம் சொல்லி அனுப்பினார். அவர் என்னிடம் சொன்னார். நான் உன் அலுவலகத்துக்கு வந்தேன்.

"வாடி தலைமடை. தண்ணி குடிக்கிறியா, தண்ணி கேக்க வந்தியா?"

நான் சிரிக்கவில்லை. "எங்க தெருவுக்கு மத்தியானம்தான் வருது."

"வருதுல்ல?"

"வருது."

"அங்கன காத்துதாண்டி வந்துச்சு. பொம்பளைக கொடத்தத் தூக்கிக்கிட்டுத் தோட்டம் தோட்டமாப் போய்க் கெஞ்சுனாக."

"பழைய முறைக்கே மாத்திரு. உன்னோட மாறுதல் நின்னுபோகும்னு தலைவர் சொல்லி விட்டிருக்காக. அம்மாவ நினைச்சுப் பாரு."

மேசைமேல் காகிதங்களுக்குப் பாரமாக இருந்த கண்ணாடி உருண்டையை நீ உருட்டினாய். அழுதுவிடுவாய் என்று நினைத்தேன்.

"எங்கம்மா கடைமடையிலயே காலத்தத் தள்ளுனவ. அவளச் சாக்கு வச்சு நான் தலைமடைக்குத் தொறந்து விட்டேன்னு தெரிஞ்சா, வாயில இருக்க கஞ்சிய என் மூஞ்சியிலயே துப்பிருவா."

கோபத்தோடு படியிறங்கினேன். கேட்டது தவறு என்று இன்றும் நான் நினைக்கவில்லை. உன் அம்மாவுக்காகக் கேட்டேன்.

கடலோர மாவட்டம் ஒன்றுக்கு உன்னைத் தூக்கியடித்தார்கள். அம்மாவைப் பார்த்துக்கொள்ள உறவுக்காரப் பெண்ணை வைத்துவிட்டுப் போனாய். வாரம் தவறாமல் நான் ஜெயமங்கலம் போய்வந்தேன். நீ கேட்கவில்லை, நானும் உன்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அந்த மழைக்காலத்தில் அம்மா போனார்கள். எடுப்பதற்கு எல்லாம் தயாராகி, உனக்காகக் காத்திருந்தோம். மழையில் நனைந்த சேலையோடு ஊரார் அத்தனை பேருக்கும் பின்னால் நீ வந்து நின்றாய். உன் முறை அன்றும் கடைசிதான்.

நீ மாற்றலாகிப் போனதுமே இங்கே முறையைத் திருப்பிவிட்டார்கள். ஆனால் கடைசித் தெருப் பெண்கள் தண்ணீரைப் பார்த்துவிட்டார்களே. காலிக் குடங்களோடு அலுவலக வாசலில் உட்கார்ந்தார்கள். "ஈ.ஓ. அம்மா வச்ச முறைய வைங்க" என்பதைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. புதிதாக வந்தவர் இறங்கிவந்தார். இன்றுவரை அந்த முறைதான். தலைவர்கள் வந்தார்கள், போனார்கள். எங்கள் குழாய் மட்டும் மத்தியானத்தில்தான் சீறுகிறது.

உன் சாவு வீட்டுக்கு அந்தப் பெண்கள் வேன் பிடித்து வந்தார்கள், மூடி போட்ட குடங்களோடு. உன் சித்தப்பா மகன் வாசலில் மறித்தான். "நீர்மாலைத் தண்ணி எடுத்தாந்து குளிப்பாட்டுறது எங்க சொந்தக்காரவுக வழக்கம். நீங்கள்லாம் எடுக்கக் கூடாது."

"நீங்களே எடுங்க சாமி," என்றாள் அவர்களில் மூத்தவள். "இந்தத் தண்ணிய மட்டும் அதுல கலந்துக்கங்க. எங்க தெருக் கொழாயில விடிய வந்த தண்ணி. அந்தம்மா விட்டது."

அவன் விலகி வழிவிட்டான். உன்னைக் குளிப்பாட்டியது அந்தத் தண்ணீரில்தான். பாதி வாளி அல்ல, கடைமடை. வழிய வழிய ஊற்றினார்கள்.

வாய்க்கரிசி போட வரிசை நின்றது. "நீங்க மூத்தவுக, முன்னாடி வாங்க" என்று என் கையைப் பிடித்து இழுத்தார்கள். நான் வரவில்லை. எல்லோரையும் முன்னால் விட்டுவிட்டு வரிசையின் வாலில் போய் நின்றேன். யாரும் சொல்லாமல் அப்படி நின்றது வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. வரிசை நகர்ந்தது. பழக்கத்தில் திரும்பிப் பார்த்தேன்.

எனக்குப் பின்னால் யாரும் இல்லை.

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு நாளைக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அவளும் கொஞ்சம் கோபப்படட்டும். நானும் அப்படித்தான் தொடங்கினேன். குழாயடியில் நிற்கும்போது மட்டும், இடிக்க ஒரு வாளியும் இல்லாவிட்டாலும், என் கணுக்காலைச் சற்று ஒதுக்கியே வைக்கிறேன்.

உனக்கு முன்னால் நின்ற,
தலைமடை