நான் வெட்டிய மேல் விளிம்பு

நேற்று எதிர் வீட்டுச் சிறுமியின் புது நோட்டுகளுக்கு அட்டை போட்டுக்கொடுத்தேன். பிரவுன் தாளின் வாசனையும் மைதாப் பசையின் வாசனையும் ஒன்றாக எழுந்தபோது உன் ஞாபகம் வந்துவிட்டது. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். நீ போய் இரண்டு வருடமாகிறது. நேரில் சொல்லாமலே விட்டுவிட்ட ஒன்றை இப்போதாவது எழுதிவிடலாம் என்று தோன்றுகிறது.

தொண்ணூறுகளின் கடைசி. நாம் ஒரே பெஞ்சில் இயற்பியல் படித்து இருபது வருடம் ஆகியிருந்தது. நான் காஞ்சிபுரத்தை அடுத்த முசரவாக்கத்துப் பக்கம் பள்ளி ஆசிரியை. நீ ஏனாத்தூரில் கல்லூரி விரிவுரையாளர். நாற்பது வயதுக்கு மேல் பிஎச்.டி.க்குப் பதிவு செய்திருந்தாய். தொண்ணூறு கிலோமீட்டர் உயரத்தில் காற்று எப்படி மாறுகிறது என்பது தலைப்பு. அங்கே காற்று இருக்குதா என்று நான் கேட்டதற்கு, "இருக்குடி, ரொம்ப மெல்லிசா. ஆட்டம் மட்டும்தான் ஜாஸ்தி" என்றாய்.

அந்த ஆட்டத்தை என் வகுப்பில் நான் இப்படிச் சொல்வேன். கடலில் ஏற்ற இறக்கம் இருப்பதுபோல வானத்துக் காற்றிலும் உண்டு. கடலில் நிலவுக்குப் பெரும் பங்கு, காற்றில் சூரியனுக்கு. பகலில் சூடேறி இரவில் ஆறும் காற்றின் அசைவு அலையாக மேலே ஏறுகிறது. தடித்த கயிற்றின் நுனியில் மெல்லிய நூலைக் கட்டி உதறிப் பாருங்கள், கயிற்றில் லேசாகத் தெரிந்த அசைவு நூலில் துள்ளும். உயரே காற்று அந்த நூலைப்போல. சில மணி நேரம் கிழக்கே போகும், பிறகு மேற்கே திரும்பும், ஒரு நாளில் இரண்டு முறை ஊசலாடும். எல்லா மாதமும் ஒரே மணிக்குத் திரும்புவதில்லை. அது எவ்வளவு மாறுகிறது, ஏன் என்பதுதான் உன் கேள்வி.

தெற்கே ஒரு ராடார் நிலையம் மணிக்கு மணி அளந்த எண்களை உன் வழிகாட்டிப் பேராசிரியர் சென்னையிலிருந்து கட்டுக்கட்டாக அனுப்புவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் சின்ன காஞ்சிபுரத்து உன் வீட்டுக் கூடத்தில் நான் வாசிப்பேன், நீ கிராஃப் தாளில் புள்ளி வைப்பாய். கருட சேவை அன்றுகூட, தெரு நிறையக் கூட்டம் இருக்க, பெருமாளைச் சேவித்துவிட்டு வந்து பட்டுப்புடவையோடு தாளின் முன் உட்கார்ந்தவள் நீ.

தாள்கள் கலைந்து கிடப்பது எனக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய், நீட்டிக்கொண்டிருந்த மேல் விளிம்புகளை வெட்டி, மாதத்துக்கு ஒரு நோட்டாகத் தைத்து, பிரவுன் அட்டை போட்டு லேபிள் ஒட்டினேன். "ராடாருக்கே யூனிஃபார்ம் போட்டுட்டியே" என்று சிரித்தாய்.

அந்த நோட்டுகளில்தான் அது தென்பட்டது. மற்ற மாதங்களில் காலையில் கிழக்கே போன காற்று, நான்கு மாதங்களில் அதே வேளையில் மேற்கே போனது. இப்படியொரு மாற்றத்தை யாரும் காட்டியதில்லை என்றாய். உன்னை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்குமுன் பார்த்ததில்லை. ஒரு கருத்தரங்குக்கு ஆய்வுச் சுருக்கம் எழுதி அனுப்பினாய், ஏற்றுக்கொண்டார்கள். ஆய்வேட்டைக் கொடுக்க ஐந்து மாதம்தான் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை என் வருகைப் பதிவேட்டிலிருந்து அடையாளத்துக்கு வைத்திருந்த ஒரு காகிதத் துண்டு விழுந்தது. நான் வெட்டிய மேல் விளிம்புகளில் ஒன்று. நேரம் கிரீன்விச் நேரம் என்று அதில் அச்சாகியிருந்தது. வீட்டில் கிடந்த மற்ற துண்டுகளையும் தேடிப் பார்த்தேன், பெரும்பாலானவற்றில் இருந்தது இந்திய நேரம். இந்த நான்கு மாதங்களை மட்டும் நிலையத்தில் வேறு நேரத்தில் அச்சடித்திருக்கிறார்கள். இரண்டுக்கும் ஐந்தரை மணி வித்தியாசம். பன்னிரண்டு மணி நேர ஊசலில் அது கிட்டத்தட்ட தலைகீழ். காற்று திரும்பவில்லை, நான்தான் திருப்பியிருந்தேன்.

இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தலைவலி என்று சொல்லியனுப்பினேன். மாற்றத்தைத் தேடும் ஆராய்ச்சியில் ஒரு மாற்றம் கிடைத்தால் யார் சந்தேகப்படப் போகிறார்கள் என்றுகூட நினைத்தேன். உன்னிடம் இதை ஒருபோதும் சொன்னதில்லை.

திங்கட்கிழமை பெர்மிஷன் போட்டுவிட்டு ஏனாத்தூருக்கு பஸ் ஏறினேன். உங்கள் கேன்டீனில் டீ கிளாஸ் பக்கத்தில் அந்தத் துண்டை வைத்து, நான்தான் வெட்டினேன் என்றேன். உன் முகம் வெளிறிப்போனது. ஏன் வெட்டினாய் என்று கேட்பாய் என்று காத்திருந்தேன்.

"எந்தெந்த மாசம்?" என்றாய்.

சொன்னேன். பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதிக்கொண்டாய். அப்புறம், "வானத்தையே அஞ்சரை மணி நேரம் திருப்பி வெச்சிருக்கே. உங்க ஸ்கூல்ல மணியடிக்கிறவர்கூட இப்படிப் பண்ணமாட்டார்டி" என்றாய். அழுதுகொண்டிருந்த நான் சிரித்துவிட்டேன்.

அன்று சாயங்காலமே எஸ்.டி.டி. பூத்தில் பேராசிரியரைக் கூப்பிட்டாய். நான் கண்ணாடிக் கதவை ஒட்டி நின்றேன். "வாசிச்சதுல தப்பாயிடுத்து சார், சுருக்கத்தை வாபஸ் வாங்கிக்கறேன்" என்றாய். யார் வாசித்தது என்று சொல்லவில்லை. அவர் கத்தியது வெளியே வரை கேட்டது. நீ ரிசீவரைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றாய்.

கெடு தவறியது. அலைந்து திரிந்து ஒரு வருட நீட்டிப்பு வாங்கினாய். எல்லாப் புள்ளியையும் திரும்ப வைத்தபோது, காற்று திரும்பும் நேரம் மாதத்துக்கு மாதம் ஒரு மணி, இரண்டு மணிதான் முன்பின்னாக நகர்ந்தது. "இது காத்தோட வேலை, முன்னே பார்த்தது உன் கத்தரிக்கோலோட வேலை" என்றாய். அந்தச் சின்ன நகர்வை வைத்துத்தான் பட்டம் வாங்கினாய்.

நான் நன்றி சொல்ல நினைப்பது நீ பூத்தில் பேசியதற்கு அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைக்கு. இனி எந்தத் தாளையும் தொடமாட்டேன் என்று சொல்லத்தான் உன் வீட்டுக்கு வந்தேன். வாயைத் திறப்பதற்குள், சென்னையிலிருந்து வந்திருந்த புதுத் தாள்களை என் மடியில் வைத்துவிட்டு நீ பென்சில் சீவ ஆரம்பித்தாய். "ம், முதல் வரியிலேர்ந்து வாசி."

அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடம் வகுப்பெடுத்தேன். கணக்கைத் தப்பாக முடித்துவிட்டுக் கரும்பலகை முன் நிற்கும் மாணவியிடம், அதுவரை நான் கேட்டதெல்லாம் ஏன் இப்படிச் செய்தாய் என்றுதான். பிள்ளை தரையைப் பார்க்கும். பிறகு, எந்த வரியிலிருந்து என்று மட்டும் கேட்கப் பழகினேன். அவள் மேலிருந்து விரலை வைத்துக்கொண்டே வந்து, ஓரிடத்தில் நிற்பாள். நான் அழித்துத் திருத்துவதில்லை. சாக்பீஸை அவள் கையிலேயே கொடுத்துவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வேன்.