முதுகுன்னு நெனச்ச வலி

நவம்பர் 6, வியாழன்
காலையிலேர்ந்து மழை. பிசியோ கிளினிக்குக்கு மூணே பேர். ஹாட் பேக் மெஷின் மறுபடி ட்ரிப் ஆகுது, எலக்ட்ரீஷியனுக்குப் போன் பண்ணணும்.

பத்தரைக்கு அண்ணன். கடலுக்குப் போகக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க, படகெல்லாம் கரையில, அதனால சும்மா இருக்குற நாள். இருபத்திரெண்டாவது சிட்டிங். ஜூலையில எடுத்த எம்.ஆர்.ஐ.யில இடுப்பு டிஸ்க் லேசாப் பிதுங்கல். வல இழுக்குற ஆளுக்கு இது சகஜம், நான் சரி பண்ணிடுறேன்னு வீட்டுல எல்லார்கிட்டயும் நான்தான் சொன்னேன்.

மல்லாந்து படுக்கச் சொன்னா ரெண்டு நிமிஷம் தாங்கல. எழுந்து தலகாணியைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு முன்னாடி சாஞ்சு உக்காந்துச்சு. திட்டுனேன். "இப்பிடிக் கூன் போட்டு உக்காந்தா எப்பிடிண்ணா சரியாவும்?"
"கொறைஞ்சிருக்கு பாப்பா. போன வாரத்துக்கு இப்ப தேவல."
கார்டுல எழுதுனேன்: வலி குறைவு.

நவ. 8, சனி
மழை விட்டுடுச்சு. துணி காயல.
மத்தியானம் அண்ணி போன். "செல்வி, ஒங்கண்ணன் மறுபடி குடிக்கிறாரு. ரெண்டு வருஷம் தொடாம இருந்தாரு. இப்ப சோறு போட்டா ரெண்டு வாய், எழுந்துர்றாரு. லுங்கி இடுப்புல நிக்கல. கேட்டா முதுகு வலிங்கிறாரு. முதுகு வலிக்கு யாராச்சும் சோத்த வெறுப்பாங்களா?"
அப்புறம் கொரலத் தாழ்த்தி, "இன்னொண்ணு. சொல்லவே கூச்சமா இருக்கு. கக்கூஸ்ல எண்ணெ ஊத்துன மாதிரி மெதக்குது. தண்ணி ஊத்துனாலும் போவல. நாத்தம்."
போனை வச்சுட்டு உக்காந்தே இருந்தேன். ட்ராக்‌ஷன்ல ஒரு அம்மாவை இடுப்புக்குப் பெல்ட்டு கட்டி மாட்டி விட்டுருந்ததே மறந்துபோச்சு. நல்லவேளை, அவுங்களே கூப்பிட்டாங்க.

நவ. 9, ஞாயிறு
ஊருக்குப் போனேன். நாலு மாசத்துல மொத தடவையா அண்ணன்கிட்டக் கேள்வி கேட்டேன். முதுகுத்தண்டுல ஒவ்வொரு எலும்பா அழுத்துனேன். எங்கயும் வலி இல்ல. "அப்ப எங்க?" அண்ணன் தொப்புளுக்கு மேல கை வச்சுச்சு. "இங்கேர்ந்து குத்தி முதுகு வழியா வெளிய வருது."

அந்த எடத்துல நான் ஒரு நாளும் கை வைக்கல.

முதுகு வலின்னா: தூக்குனா, அசைஞ்சா ஜாஸ்தி. படுத்தா கொறையும். டிஸ்க்குன்னா குனிஞ்சு உக்காந்தாலே வலிக்கும்.
அண்ணனுக்கு: சாப்பிட்டு அரைமணியில ஜாஸ்தி. வறுத்த மீன்னா இன்னும் மோசம். மல்லாந்தா ஜாஸ்தி. முன்னாடி சாஞ்சா கொறையுது. எடை பதினோரு கிலோ காலி. ராத்திரியில தாகம், நாலஞ்சு தடவ ஒண்ணுக்கு.
காலேஜ்ல படிச்ச பாடம்தான். பரீட்சையில எழுதியிருக்கேன். கணையம்.

நவ. 11, செவ்வாய்
அண்ணன், அண்ணி, நான், மூணு பேரும் சிதம்பரம், பெரிய ஆஸ்பத்திரி. சிப்காட் கம்பெனிங்க தாண்டுனதும் பஸ்ஸ நிறுத்தி அண்ணன் வாந்தி எடுத்துச்சு. வெறும் தண்ணி.
சுகர் 380. ஸ்கேன்ல கணையம் முழுக்கக் கல்லு, உப்பு சிந்துன மாதிரி வெள்ள வெள்ளையா. கணையத்தோட தலைப்பக்கம் தடிச்சிருக்கு. புத்துநோயான்னு ஊசி விட்டுக் கொஞ்சம் சதை எடுத்துப் பாக்கணுமாம். அட்மிஷன்.
டாக்டர் கேட்டாரு, "குடிப்பாரா?" அண்ணி முந்திக்கிட்டு, "ஆமா சார்." அண்ணன் தலையைத் தூக்கல. "விட்டு ரெண்டு வருஷம் ஆவுது சார்." ரத்தம், ஈரல் எல்லாம் பாத்துட்டு டாக்டர், "நெசமாத்தான் சொல்றாரும்மா. ஆனா முன்னாடியே கெட்டுப் போனது திரும்பாது."
அப்புறம் ஃபைலைப் புரட்டுனாரு. "நாலு மாசம் யாரு பிசியோ குடுத்தது?"
"நான்தான் சார்."
என்னைப் பாத்தாரு. அடுத்த பக்கத்தப் புரட்டுனாரு.

நவ. 13, வியாழன்
ஊசி டெஸ்ட் முடிஞ்சுது. ரிசல்ட் ஒரு வாரம்.
காரிடார்ல அண்ணி அழுதாங்க. குடிக்கிறாருன்னு நெனச்சு செப்டம்பர் பூரா பேசாம இருந்தாங்களாம், தட்டை நங்குன்னு வச்சுட்டுப் போவாங்களாம். "நான் படிக்காதவ, சந்தேகப்பட்டேன். நீ படிச்சவதான செல்வி?"
டீ வாங்கிட்டு வந்தேன். அவுங்க குடிக்கல.

நவ. 14, வெள்ளி
சார்ஜர் மறந்துட்டேன். பக்கத்து பெட்காரங்ககிட்ட வாங்குனேன்.
அண்ணி குளிக்கப் போன நேரம் அண்ணன்கிட்டச் சொன்னேன், தப்பு என்னுதுன்னு.
"ஒரு நாளும் கொறையல பாப்பா."
"அப்புறம் ஏண்ணா கொறைஞ்சிருக்குன்னு சொன்ன?"
"நீ எம் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிப்ப. நம்ம தெருவுலேர்ந்து போயி போர்டு மாட்டி உக்காந்திருக்கிற. பக்கத்துல நாலு பேஷண்ட். சொந்த அண்ணனுக்கே சரியாவலன்னா ஒங்கிட்ட யாரு வருவா?"
பாத்ரூமுக்குப் போயி கொழாயத் தொறந்து விட்டு அழுதேன். வெளிய ஒரு ஆளு கதவத் தட்டிக்கிட்டே இருந்தாரு.

நவ. 20, வியாழன்
ரிசல்ட்: புத்துநோய் இல்ல. அண்ணி அங்கயே தரையில உக்காந்துட்டாங்க.
மத்தது எல்லாம் அப்பிடியேதான். சுகர் எறங்குனதும் கணையத்துக் கொழாயத் தொறந்து கல்லெடுக்கிற ஆபரேஷன். வலி கொறையலாம், அறவே போகும்னு சொல்ல முடியாதாம். ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் செரிக்க மாத்திரை, ஆயுசுக்கும். இன்சுலின், ஆயுசுக்கும். கடலுக்குப் போகலாமான்னு அண்ணன் கேட்டுச்சு. "அப்புறம் பாக்கலாம்"னாரு டாக்டர். அண்ணன் அதுக்கு மேல கேக்கல.
சாயங்காலம் நர்சு இன்சுலின் போடக் கத்துக் குடுக்க வந்தாங்க. வீட்டுல யாரு போடுவீங்கன்னாங்க. பழக்கத்துல நான் கையை நீட்டிட்டேன்.
"நீ விடு செல்வி," அண்ணி ஊசிய வாங்கிக்கிட்டாங்க. "நான் போடுறேன்."
ஊசி சாஞ்சு போச்சு, ரத்தம் வந்துச்சு. நேராப் புடிக்கணும். நான் சொல்லல.