நடக்காத கூட்டத்தின் கையெழுத்துகள்

பம்மல்,
12.9.2004, ஞாயிறு.

அன்புள்ள சுகந்திக்கு,

ஆண்டவர் கிருபையால் நானும் ரேஷ்மாவும் சுகம். மஸ்கட் வெயிலில் நீயும் சுகமாக இருக்க தினமும் ஜெபிக்கிறோம். ரேஷ்மாவுக்கு இரட்டைப் பின்னல் போட எனக்கு இன்னும் வரவில்லை. ஒன்று காதுக்கு மேலே நிற்கிறது, இன்னொன்று தோளுக்குக் கீழே தொங்குகிறது. டீச்சர் கேட்டதற்கு, ‘எங்க அப்பா மேனேஜர் மிஸ், அவருக்கு இதெல்லாம் தெரியாது’ என்றாளாம். மேனேஜருக்கு வேறு எதுதான் தெரியும் என்று டீச்சர் கேட்காமல் விட்டது நல்லது.

காலையில் போனில் என் குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டாய். சளி என்றேன். சளி இல்லை. போன் கார்டில் ஐந்து நிமிடத்துக்குள் சொல்லக்கூடிய விஷயமில்லை, அதனால் எழுதுகிறேன்.

பதினைந்து நாளைக்கு முன் எங்கள் கம்பெனியில், தகட்டை அழுத்தி வெட்டும் மூன்றாம் நம்பர் பிரஸ்ஸில், குப்பனுக்கு வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. உனக்கு அவனைத் தெரியும். நீ கிளம்பிய அன்று ஏர்போர்ட்டில் உன் பெட்டியைத் தூக்கி வைத்த அனகாபுத்தூர்க்காரன். கை உள்ளே போகாமல் தடுக்கிற கம்பிவலை அந்த மெஷினில் இல்லை. வேலை வேகமாக ஓடவேண்டும் என்று நான் மேனேஜர் ஆவதற்கு முன்பே கழற்றிவிட்டார்கள். அது எனக்கும் தெரியும், முதலாளி ஸ்ரீரங்கன் சாருக்கும் தெரியும்.

வியாழக்கிழமை அரசாங்கத்திலிருந்து விசாரணைக்கு வருகிறார்கள். நேற்று முதலாளி என்னைக் கூப்பிட்டு, ‘வலையைக் கழட்டினது குப்பன்தான்னு எல்லாரும் ஒரே மாதிரி சொல்லணும். நீ சொன்னா கேப்பாங்க அசரியா. உக்கார வெச்சுப் பேசு’ என்றார். அப்படிச் சொன்னால் குப்பனுக்கு விரலோடு வேலையும் போகும், கெட்ட பெயரும் சேரும். சொல்லாவிட்டால் என் வேலை போகும். டிசம்பரில் நீ ஒப்பந்தம் முடித்துத் திரும்பி வருவது என் வேலையை நம்பித்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் கை வரவில்லை. மாதாமாதம் எல்லோரையும் கூட்டிப் பாதுகாப்பு பற்றிப் பேசி, மினிட்ஸ் நோட்டில் எழுதவேண்டும். கம்பெனிக்குத் தரச் சர்டிபிகேட் கொடுப்பவர்கள் வந்தால் முதலில் அந்த நோட்டைத்தான் கேட்பார்கள். எங்கள் கம்பெனியில் அந்தக் கூட்டம் ஒருநாளும் நடந்ததில்லை, நோட்டு மட்டும் நிரம்பிக்கொண்டிருக்கும். பழைய மேனேஜர் எழுதினார், நானும் எழுதினேன். சாப்பாட்டு மேசையில் ரேஷ்மா வீட்டுப்பாடம் எழுதுவாள், பக்கத்தில் நான் என் பாடத்தை எழுதுவேன். மறுநாள் நோட்டு சுற்றிவரும், எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள்.

ஆகஸ்ட் மாதம் நான் எழுதியது இது: ‘மூன்றாம் நம்பர் இயந்திரம் குறித்து விவாதிக்கப்பட்டது. குறை ஏதும் இல்லை எனத் தொழிலாளர்கள் தெரிவித்தனர்.’ அதற்கு முந்தின வாரம்தான் டீக்கடையில் குப்பன் என்னிடம், ‘ஒரு தபா மிதிச்சா ரெண்டு தபா எறங்குது சார், பேஜாரா கீது’ என்றான். பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். பிறகு இப்படி எழுதினேன்.

நாளைக்குக் கூட்டம். எப்படி ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. மீதியை அதற்குப் பிறகு எழுதுகிறேன்.

புதன், 15.9.2004.

திங்கட்கிழமை டீ நேரத்தில் எல்லோரையும் பேக்கிங் கொட்டகைக்கு வரச் சொல்லி உட்காரச் சொன்னேன். யாரும் உட்காரவில்லை. நான் என்னென்னவோ முன்னுரை பேசி, என்ன நடந்தது என்று நீங்களே சொல்லுங்கள் என்றேன். கடைசியில் தட்சிணாமூர்த்தி அண்ணன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். பதினெட்டு வருஷத்து ஆள், அவர் பேச்சுக்கு எல்லோரும் கட்டுப்படுவார்கள். ‘நீங்க எழுதிக்கினு வாங்க சார். எங்க கையெழுத்து போடணும்னு மட்டும் சொல்லுங்க’ என்றார். கிண்டல் செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, நிஜமாகத்தான் கேட்டார். மற்றவர்களும் தலையாட்டினார்கள். முதலாளி கேட்ட பொய்யை அந்த நிமிடமே வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். அவர்களை அப்படிப் பழக்கி வைத்தவன் நான்தான்.

நேற்று சாயங்காலம் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் வாங்கிக்கொண்டு குப்பன் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். ‘அந்த நோட்டுல என் கையெழுத்தும் கீதா சார்?’ இருக்கிறது என்றேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். நாளைக்கு மறுபடியும் கூட்டம், வருகிறாயா என்று கேட்டேன், வருகிறேன் என்றான்.

பஸ்ஸில் திரும்பும்போது ஆஸ்பத்திரியில் உன் வார்டு நினைவுக்கு வந்தது. டியூட்டி மாறும்போது புதிதாகச் சேர்ந்த நர்ஸ்தான் முதலில் பேசவேண்டும், இன்சார்ஜ் நீ கடைசியில்தான் வாய் திறப்பாய் என்று ஒருமுறை எழுதியிருந்தாய். பெரியவர்கள் சொல்லிவிட்டால் சின்னவர்கள் கண்ணால் பார்த்ததைக்கூட விழுங்கிவிடுவார்கள் என்றாய். உனக்கு வாயை மூடத் தெரியுமா என்று அப்போது பதில் எழுதினேன். மன்னித்துவிடு.

இன்று கூட்டத்தில் ஆகஸ்ட் பக்கத்தை நானே உரக்கப் படித்தேன். இது பொய், வீட்டில் உட்கார்ந்து நான் எழுதினேன், குப்பன் என்னிடம் சொன்ன பிறகும் எழுதினேன் என்றேன். பிறகு மஹாலட்சுமியை முதலில் பேசச் சொன்னேன். போன மாதம் சேர்ந்தவள், பெட்டியில் பீஸ் அடுக்குபவள். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் இரண்டு முறை வாயெடுத்து, உன்னை நினைத்து அடக்கிக்கொண்டேன். கடைசியில், ‘அந்த வலை என் பெட்டிக்குப் பின்னாடிதான் கீது சார். சேந்த அன்னிக்கே இது இன்னாதுன்னு கேட்டேன், யாரும் சொல்லல’ என்றாள்.

அதன் பிறகு ஒவ்வொருவராக ஆரம்பித்தார்கள். ஒரு மிதிக்கு இரண்டு முறை இறங்கி அந்த மெஷின் தன்னையும் ஏமாற்றியது என்று மூன்று பேர் சொன்னார்கள். தட்சிணாமூர்த்தி அண்ணன் பேனாவைப் பைக்குள் வைத்துவிட்டு, ‘கழட்டுனது நான்தான் சார். மொதலாளி சொன்னாரு, கழட்டிட்டேன். குப்பன் அன்னிக்கு வேலைக்கே வரல’ என்றார். குப்பன் எதிரில்தான் நின்றிருந்தான், அவர் அவனைப் பார்க்காமலே சொன்னார். டீ ஆறி ஏடு கட்டிவிட்டது, யாரும் தொடவில்லை. அவர்கள் சொன்னதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதினேன். படித்துக் காட்டச் சொன்னார்கள். இரண்டு இடத்தில் அப்படி இல்லை என்று திருத்தவும் வைத்தார்கள்.

குப்பன் கடைசியாகக் கையெழுத்துப் போட்டான். இடது கையால். கைரேகை வைத்தால் போதும் என்று யாரோ சொன்னதற்கு வேண்டாம் என்றுவிட்டான். பேனா வழுக்கிக்கொண்டே இருந்தது. நான்கு எழுத்து எழுதி முடிக்கிறவரை எல்லோரும் நின்றுகொண்டிருந்தோம். எதிர்ப் பக்கத்தில் அவனுடைய ஆகஸ்ட் மாதக் கையெழுத்து, ஒழுங்காக, லேசாகச் சாய்ந்து இருக்கிறது. என்னால் அந்த இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பார்க்க முடியவில்லை.

நோட்டு இப்போது என் பையில் இருக்கிறது. நாளை விசாரணையில் கொடுக்கப்போகிறேன். முதலாளிக்கு இன்னும் தெரியாது. எனக்குப் பயமாக இருக்கிறது சுகந்தி. போகிற வழியில் முதலில் இந்தக் கடிதத்தைத் தபால் பெட்டியில் போடுவேன். உனக்குச் சொல்லிவிட்டேன் என்றால் பாதி வழியில் மனம் மாறமாட்டேன்.

இந்த ஞாயிறு நீ கூப்பிடும்போது எல்லாம் நலம் என்றுதான் சொல்வேன், நம்பாதே. இது உன் கைக்கு வந்த பிறகு கூப்பிடும்போது என்னிடம் ஆரம்பிக்காதே. முதலில் ரேஷ்மா பேசட்டும். காலண்டரில் டிசம்பர் மாதத்தை அவள் கலர் பென்சிலால் நிரப்பி வைத்திருக்கிறாள், அதைச் சொல்லுவாள். அடுத்து நான் பேசுகிறேன். கடைசியில் நீ பேசு. டிசம்பரைப் பற்றி நீ என்ன சொன்னாலும் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள்வேன்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும். முக்கியமாக வரத்தை.

உன்,
அசரியா.